லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்

தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை



நம்முடைய கூட்டங்களில் சம்பளம், பேர், கைக்காசு, சேமலாப நிதி, வீடு என்றுதான் பேசுவோம். இன்று மரக்கறித் தோட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தபோது, "சங்கம் எப்போது விவசாயக் கந்தோர் ஆனது?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு, நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம்.

போன மழைக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து நமக்குத் தகவல் வந்தது. லயத்துக்குப் பின்னால் பல வருஷமாக மரக்கறி போட்டு வந்த குடும்பங்களுக்கு நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது. மரக்கறிப் பாத்திகளிலிருந்து மண் கரைந்து கானை அடைத்துவிட்டது, தண்ணீர் பாதையில் பாய்ந்து பாதை உடைந்துவிட்டது, ஆகவே ஒரு மாதத்துக்குள் பயிர்ச்செய்கையை நிறுத்த வேண்டும் என்பது கடிதம். நாங்கள் சூடாகத்தான் போனோம். வாசலிலேயே வயதான ஒரு பெரியம்மா எங்களை நிறுத்தினார். "தலைவரே, தொரைகிட்ட சத்தம் போடுறதுக்கு முன்னால வந்து தோட்டத்தைப் பாருங்க. அவங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. பாத்திகள் எல்லாம் மேலிருந்து கீழாக, மலைச் சரிவோடு சேர்த்து வெட்டப்பட்டிருந்தன. மழைத் தண்ணீருக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. மேல் பாத்தியில் கல் மட்டும்தான் மிச்சம். கறுத்த மண் முழுவதும் கீழே கானில் கிடந்தது. அந்த நிலையில் நிர்வாகத்திடம் போய் என்ன வாதாடுவது? மூன்று மாத அவகாசம் கேட்டோம். அந்த மூன்று மாதத்தில் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திகளைக் குறுக்காக மாற்றி வெட்டினார்கள், கானைத் துப்புரவாக்கினார்கள், ஓரத்தில் புல் நட்டார்கள். அடுத்த மழையில் கான் அடைபடவில்லை. பயிர்ச்செய்கையை நிறுத்தும் பேச்சும் அதோடு நின்றது. ஆனால் அந்தக் கடிதம் இன்னும் வாபஸ் வாங்கப்படவில்லை. அந்த நிலத்துக்கு எழுத்து மூலமான அனுமதியும் இல்லை.

இதுதான் சங்கம் இதைப் பேசக் காரணம். நம் கையில் உறுதிப்பத்திரம் இல்லாத நிலத்தை நாம் தவறாகப் பயிரிட்டால், அதைப் பறிப்பதற்கு நாமே காரணம் தேடிக் கொடுக்கிறோம். சரியாகப் பயிரிட்டால், பானைக்கும் உதவும், பேச்சுவார்த்தை மேசையிலும் உதவும்.

நமக்குத் தெரிந்த வேலைதான்

மண்ணைக் காப்பாற்றும் வேலை நமக்குப் புதிது அல்ல. இந்த மலைநாட்டில் கான் வெட்டியது யார்? முள்ளுக் குத்தியது யார்? கல் அடுக்கி மண் தடுத்தது யார்? பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைப்பதற்கு முன்னால், ஒன்றரை இரண்டு வருஷம் குவாட்டமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு மண்ணைத் தேற்றுகிறார்கள். அந்தப் புல்லை நட்டு, வெட்டி, மண்ணிலேயே பரப்புவது நம்முடைய கை. துரைமார் கணக்கில் கூலி வேலையாக எழுதப்பட்டதெல்லாம் மண் பாதுகாப்பு வேலைதான். அதைத் தேயிலை மலையில் செய்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் செய்யாமல் விடுகிறோம்.

இன்னொன்றும் நம் சரித்திரத்தில் இருக்கிறது. நம் முன்னோர் முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. மலை மலையாக ஒரே பயிர். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. அடுத்து வந்த வருஷங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அந்த இடத்தைப் பிடித்தது. ஒரே பயிரை ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு நோய் போதும், முழுவதும் போய்விடும். பெரிய கம்பனிக்கும் இது பொருந்தும், நம்முடைய நாலு பாத்திக்கும் பொருந்தும்.

முதலில் சரிவைக் கவனியுங்கள்

மண்வெட்டியைத் தொடும் முன் மலையைப் பாருங்கள். பாத்தி எப்போதும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போக வேண்டும். கண்ணால் மட்டம் பிடிக்க முடியாது. அதற்கு ஓர் எளிய கருவி உண்டு. காசு செலவில்லை.

ஏழு அடி அளவான இரண்டு நேரான கம்புகளை எடுத்து, உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். கால்களை ஆறு அடி அகலத்துக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்க விடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். இப்போது இரண்டு காலையும் ஓர் இடத்தில் ஊன்றி, கால் பட்ட இடங்களில் அடையாளம் வைத்து, நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு அடையாளங்களில் வைத்து, நூல் படும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் மூன்றாவது கோடு. நூல் அந்த நடுக் கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம்.

இந்தக் கருவியோடு சரிவுக்குக் குறுக்கே நடந்து, மட்டம் கிடைக்கும் இடத்தில் எல்லாம் குச்சி நட்டுக்கொண்டே போங்கள். அந்தக் குச்சி வரிசைதான் உங்கள் பாத்தியின் வரி. பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட இதைச் சொல்லிக் கொடுக்கலாம். மேலே சொன்ன தோட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் குச்சி நட்டார்கள்.

வரி கிடைத்த பிறகு, பாத்தியின் கீழ் ஓரத்தில் கல் அடுக்குங்கள், அல்லது புல் நடுங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புல்லே தீனியும் ஆகும். நில எல்லையில் முள்முருங்கை, கிளிரிசிடியா போன்றவற்றைக் கம்பு கம்பாக ஊன்றலாம். குழையை வெட்டிப் பாத்தியில் போட்டால் உரம். உயரமான குளிர்ப் பகுதியில் கிளிரிசிடியா நன்றாக வராது, முள்முருங்கையே போதும்.

கானுக்குள் இடையிடையே சிறு குழி தோண்டி வையுங்கள். கரைந்து வரும் மண் அதில் தங்கும். மழை விட்டதும் அந்த மண்ணை அள்ளி மேல் பாத்தியில் போடுங்கள். அது உங்கள் மண், அதைக் கீழ்த் தோட்டத்துக்குத் தானம் பண்ண வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மிகவும் செங்குத்தான இடத்தை வெட்டாதீர்கள். லயத்துக்கு மேலே உள்ள மண் திட்டை நோண்டாதீர்கள். கானை அடைத்துப் பாத்தி போடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் விரிசல், மரமோ கம்பமோ திடீரென்று சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, இதில் எதைக் கண்டாலும் பயிரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். கிராம சேவகருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்துக்கும் அறிவியுங்கள். கோவா மறு போகத்திலும் வரும்.

புளித்த மண்ணை ஆற்றுவது

"தேயிலை நல்லா வருது, பீட் போட்டா மட்டும் ஏன் கிழங்கு வைக்கல?" என்று பலர் கேட்கிறார்கள். தேயிலைக்குப் புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் பிடிக்கும். பி.எச். அளவில் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் தேயிலைக்குச் சரி. பெரும்பாலான மரக்கறிக்கு அது 6ஐ ஒட்டி இருக்க வேண்டும். புளித்த மண்ணில் நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் செடியால் எடுக்க முடியாது. காசுதான் வீண்.

இதற்கு மருந்து டொலமைட். நடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன்னால் மண்ணில் தூவி, நன்றாகக் கொத்திக் கலக்க வேண்டும். அதே நாளில் யூரியாவோ பச்சைச் சாணமோ சேர்க்கக் கூடாது. சேர்த்தால் உரத்தின் சத்து காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடைதான் உங்கள் காசு பறக்கும் வாடை. எவ்வளவு போடுவது என்பதை மண்ணைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தை அழைத்து, மண்ணை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு போடும் பாத்திக்கு மட்டும் அதிகம் வேண்டாம். அளவு கூடினால் கிழங்குத் தோலில் சொறி விழும்.

கூட்டெருவும் உரமும்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருஷ முடிவுக்குள்ளேயே தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. இடையில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து குறைந்தது, கிலோ குறைந்தது, குறைந்த கிலோவுக்கு நம்மிடமே கேள்வி கேட்டார்கள். உரமும் நெல்லும் மரக்கறியும் விலை ஏறியது.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று. சேதனப் பசளை கெட்டது என்பதல்ல. மண்ணைத் தயார் பண்ணாமல் ஒரே இரவில் எதையும் மாற்ற முடியாது என்பதுதான். வருஷக் கணக்காகக் கூட்டெரு போட்டு வந்த பாத்தி, உரம் கிடைக்காத போகத்திலும் ஓரளவு தாங்கும். வெறும் மூட்டை உரத்தையே நம்பிய மண் தாங்காது.

கூட்டெரு போடும் முறை இதுதான். நிழலான, தண்ணீர் தேங்காத இடத்தில் மூன்று அடி அகலத்துக்கு அடியில் குச்சிகளைப் பரப்புங்கள், காற்றுப் போக வேண்டும். அதன் மேல் காய்ந்த இலை, புல், வைக்கோல் ஒரு சாண். அதன் மேல் பச்சைக் குழை, சமையல் கழிவு அரைச் சாண். அதன் மேல் சாணத்தைக் கரைத்துத் தெளியுங்கள், கொஞ்சம் பழைய கூட்டெருவோ மேல் மண்ணோ தூவுங்கள். இப்படியே அடுக்கடுக்காக இடுப்பளவு உயரம். மேலே பழைய சாக்கைப் போட்டு மூடுங்கள். ஒரு வாரத்தில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வர வேண்டும். வரவில்லை என்றால் ஒன்று காய்ந்திருக்கிறது, அல்லது பச்சை போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தயார். நுவரெலியாப் பக்கக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண் வாசம் வந்தால் பாத்திக்குப் போடலாம்.

நோய் பட்ட உருளைக்கிழங்குச் செடியையும் தக்காளிச் செடியையும் கூட்டெருவில் போடாதீர்கள். லொறியில் வரும் கோழி எருவை வந்த கையோடு போடாதீர்கள், வேர் கருகும். குவித்து மூடி, ஆற வைத்துப் போடுங்கள்.

மூட்டை உரம் போடுபவர்கள் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். நடும்போது ஒரு பங்கு, செடி வளரும்போது ஒரு பங்கு என்று பிரித்து, வேருக்குப் பக்கத்தில் வைத்து மண்ணால் மூடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போது உரம் போட்டால் அது செடிக்குப் போகாது, கீழே பீலிக்குப் போகும். அந்தப் பீலித் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

எதற்குப் பிறகு எது

பக்கத்து வீட்டில் உருளைக்கிழங்குக்கு நல்ல விலை கிடைத்தால், அடுத்த போகம் லயம் முழுக்க உருளைக்கிழங்கு. அதற்கடுத்த போகமும் அதே. மூன்றாவது போகத்தில் செடி வாடும். இது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது.

பயிர்களைக் குடும்பமாகப் பாருங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி ஒரு குடும்பம். கோவா, நோக்கோல், முள்ளங்கி ஒரு குடும்பம். லீக்ஸும் வெங்காயமும் ஒன்று. போஞ்சி தனி. கரட், பீட் போன்ற வேர்ப் பயிர்கள் இன்னொரு கூட்டம். ஒரு குடும்பத்து நோய் அதே குடும்பத்துக்குத்தான் தாவும். ஆகவே நிலத்தை நாலு பாகமாகப் பிரியுங்கள். உருளைக்கிழங்குக்குப் பிறகு போஞ்சி, போஞ்சிக்குப் பிறகு கோவா, கோவாவுக்குப் பிறகு கரட்டோ லீக்ஸோ, பிறகு மறுபடி உருளைக்கிழங்கு. போஞ்சியின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள், சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். காற்றில் உள்ள நைதரசனை மண்ணில் சேர்ப்பது அவைதான். அதனால் காய் முடிந்ததும் கொடியை வேரோடு பிடுங்காமல், அடியில் வெட்டி வேரை மண்ணிலேயே விடுங்கள். அடுத்து வரும் கோவாவுக்கு அது இலவச உரம்.

மூன்று நோய்களை எல்லோரும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பனி மூட்டமும் தூறலும் நாலு நாள் நின்றால் உருளைக்கிழங்கு இலை ஓரத்தில் நனைந்த மாதிரி கறுப்புத் திட்டு விழும். காலையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். அது வெளிறல் நோய். சில நாளில் மலை முழுவதும் பரவும். முதல் இலையைக் கண்டதுமே அகற்றிப் புதைக்க வேண்டும். கிழங்குக்கு மண்ணை உயரமாக அணைத்திருந்தால் கிழங்காவது தப்பும். தோண்டுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் செடியை வெட்டி அகற்றிவிட்டால், தோலும் முற்றும், நோயும் கிழங்குக்கு இறங்காது.

இரண்டு, இலை பச்சையாக இருக்கும்போதே செடி தலை சாய்ந்து வாடுவது. தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் வையுங்கள். சிறிது நேரத்தில் பால் மாதிரி நூல் இறங்கினால் அது பக்றீரியா வாடல். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அகற்றுங்கள். அந்த இடத்தில் சில வருஷங்களுக்கு உருளைக்கிழங்குக் குடும்பத்தைப் போடாதீர்கள். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று, கோவா வெயிலில் வாடி மாலையில் நிமிரும், தலை கட்டாது. பிடுங்கினால் வேர் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். புளித்த மண்ணில் வரும் வேர்வீக்க நோய் அது. மண்ணுக்குள் பல வருஷம் கிடக்கும். டொலமைட்டும் பயிர் மாற்றமும்தான் வழி.

உருளைக்கிழங்குக்கு விதைதான் பாதி விளைச்சல். சாப்பிட வாங்கிய கிழங்கை நட்டால் அதோடு நோயும் வரும். அத்தாட்சிப்படுத்திய விதையைச் சேர்ந்து வாங்குங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. வரிக்கு வரி இரண்டு அடி, செடிக்குச் செடி பத்து அங்குலம் என்று வைத்தால் ஒரு பேர்ச்சில் 160க்குக் கொஞ்சம் கூடச் செடி வரும். விதைக்கிழங்கு ஒன்று 50 கிராம் என்றால் எட்டுக் கிலோ விதை. ஒரு செடி அரைக் கிலோ தந்தால் 80 கிலோ கிழங்கு. பத்துக் குடும்பம் சேர்ந்தால் 80 கிலோ விதையை மொத்தமாகப் பேசி வாங்கலாம். தனியாகக் கடனுக்கு வாங்கி, விளைச்சலை அதே கடைக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

தைப் பனிக்கும் தயாராக இருங்கள். சனவரி, பெப்ரவரி மாதங்களில் பள்ளமான இடங்களில் பனி உறைந்து செடி கருகும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவென்றால் நாற்றுகளைச் சாக்கால் மூடுங்கள். விடிந்து வெயில் படும் முன் இலையில் உள்ள பனியைத் தண்ணீர் தெளித்துக் கரையுங்கள்.

மருந்து அடிக்கும்போது

மருந்தைக் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். மனம் உடைந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் போத்தல் இருந்ததால் நாம் இழந்தவர்களும் இருக்கிறார்கள். தனிப் பெட்டி, பூட்டு, சாவி ஒருவர் கையில்.

தேயிலை மலையில் மிச்சமான மருந்தை மரக்கறிக்குக் கொண்டு வராதீர்கள். லேபலில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த நாளுக்கு முன் பறித்தால் நாம் விற்பதும் விஷம், சாப்பிடுவதும் விஷம். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். முகமூடி, கையுறை, நீளக் கைச் சட்டை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பக்கத்திலேயே வர வேண்டாம். பம்பைப் பீலிக்கரையில் கழுவாதீர்கள்.

இது யாருடைய உழைப்பு

இப்போது ஆண்களைப் பார்த்து ஒரு வார்த்தை. காலையில் நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கூடை சுமந்து, பின்னேரம் வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் சுமப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். விற்கும் காசு யார் கையில் போகிறது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. பாத்தி வெட்டுவதும் கூட்டெரு புரட்டுவதும் ஆண்கள் வேலையாக இருக்கட்டும். கணக்குக் கொப்பி மாதர் தலைவிகளின் கண்பார்வையில் இருக்கட்டும். ஒரு பாத்தி கீரை, வல்லாரை விற்பனைக்கு அல்ல, வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். நல்லதை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குச் சோறும் பருப்பும் மட்டும் போடுவதில் அர்த்தமில்லை.

சம்பளத்துக்கு மாற்று அல்ல

சில இடங்களில் சம்பளம் பேசப் போனால், "உங்கள் ஆட்களுக்கு மரக்கறித் தோட்டம் இருக்கிறதே" என்று பதில் வருகிறது. இதை நாம் ஏற்க முடியாது. எட்டு மணி நேர வேலைக்கு உரியது சம்பளம். அதற்குப் பிறகு மாலை வெளிச்சத்தில் நாம் கொத்துவது நம்முடைய சொந்த உழைப்பு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க விட மாட்டோம்.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச் கிடைத்த குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு, நடைபாதை, மலசலகூடம், கான், மண் திட்டு எல்லாம் போக மிஞ்சுவது மூன்று நாலு பேர்ச். அதில் குடும்பத்துக்கு மரக்கறி வரும், கொஞ்சம் கைச்செலவுக்கும் வரும். அரிசியும் மாவும் பஸ் காசும் பிள்ளையின் படிப்பும் அதில் வராது. லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஏழு பேர்ச்சும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் இந்த வேலைகளைத் தருகிறோம்.

முதலாவது, ஒரு கொப்பி போடுங்கள். உங்கள் டிவிஷனில் எந்தக் குடும்பம், எந்த இடத்தில், எத்தனை பேர்ச், எந்த வருஷத்திலிருந்து பயிர் செய்கிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டு பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். நாளை ஒரு கடிதம் வந்தால் நம்மிடமும் ஒரு கடதாசி இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கொப்பியை வைத்து நிர்வாகத்திடம் எழுத்து மூலமான அனுமதி கேட்போம். எந்தக் காரணத்துக்காகவும் விளைந்து நிற்கும் பயிரை அழிக்கக் கூடாது, அறுவடை முடியும் வரை அவகாசம் தர வேண்டும் என்பது அதில் முதல் வரி. வீட்டுக் காணிக்கு உறுதி கேட்கும் நம் போராட்டத்தோடு இதுவும் சேரும்.

மூன்றாவது, விவசாயப் போதனாசிரியர்கள் தோட்டங்களுக்குள்ளும் வர வேண்டும், தமிழில் விளக்க வேண்டும், கிராமத்து விவசாயிக்குக் கிடைக்கும் விதையும் டொலமைட்டும் மண் பரிசோதனையும் நமக்கும் கிடைக்க வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கோருவோம். நாமும் இந்த நாட்டின் விவசாயிகள்தான்.

நான்காவது, இதுதான் நம் பங்கு. அடுத்த மழைக்கு முன்னால் சரிவோடு போகும் ஒரு பாத்தி கூட நம் தோட்டங்களில் இருக்கக் கூடாது. தலைவர் வீட்டுப் பாத்தி முதலில் மாறட்டும்.

கூட்டம் முடிந்து போகும்போது, அந்தப் பெரியம்மா சொன்னதை நினைவில் வையுங்கள். நாங்கள் விடைபெறும்போது அவர் கானிலிருந்து அள்ளிய மண்ணைக் கூடையில் சுமந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார். "எதுக்குங்க பெரியம்மா இந்த வயசுல?" என்று கேட்டோம். "இது எங்க மாமியார் கொத்துன மண்ணு தம்பி. கீழ போனா யாரு கொண்டாந்து தருவாங்க?" என்றார்.

கொப்பியோடு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள்.